குழிக்கு என்ன விலை?

பௌர்ணமி கழிந்த காலையில் கிரிவலப் பாதையின் மேற்குப் பக்கம் நடந்தால், அடி அண்ணாமலையை நெருங்கும்போது மலைக்கு முன்னால் தரைதான் கண்ணில் படும். அன்னதானத்தின் பாக்குமட்டைத் தட்டுகள், உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகள், பாதி குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டில்கள், விபூதியும் கற்பூரமும் வந்த பிளாஸ்டிக் உறைகள், காலில் மிதிபட்ட மாலைகள் எல்லாம் கிடக்கும். பதினான்கு கிலோமீட்டர் பாதையில் ஒரே இரவில் லட்சக்கணக்கானோர் நடந்தால் இவ்வளவு சேர்வதில் வியப்பில்லை. துப்புரவுப் பணியாளர்கள் விடியுமுன்னே இறங்கிவிடுகிறார்கள். கூட்டி அள்ளி ஏற்றியதும் சாலை சுத்தமாகிவிடும். அதற்கப்புறம் வண்டி எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. புனல்காட்டு மக்கள் கேட்டார்கள். தங்கள் ஊர் அருகே குப்பைக் கிடங்கு வேண்டாம் என்று அவர்கள் போராடியபோதுதான், திருவண்ணாமலையின் குப்பைக்கு ஒரு குழி தேவை என்பதே பலருக்கு உறைத்தது.

இந்தக் கட்டுரை அந்தக் குழியின் விலையைப் பற்றியது. குழிக்கு விலை வைத்தால் முதலில் கலங்குவது நகராட்சிகள். அடுத்துக் கலங்குவது, கோயில் நகரத்துக்குச் சற்றும் சம்பந்தமில்லாதவை போலத் தெரியும் சிமெண்ட் ஆலைகளும் உருக்காலைகளும் அனல்மின் நிலையங்களும்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்கின்றன. பிரிக்காத குப்பையை நிலநிரப்புக்குக் கொண்டு வரும் உள்ளாட்சிகளுக்குக் கூடுதல் கட்டணம் என்பது ஒன்று. திட எரிபொருள் எரிக்கும் ஆலைகள், குறிப்பாகச் சிமெண்ட் ஆலைகள், தங்கள் எரிபொருளில் 5 விழுக்காட்டைக் குப்பையிலிருந்து எடுத்த எரிபொருளாக மாற்றத் தொடங்கி, ஆறு ஆண்டுகளில் அதை 15 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்பது மற்றொன்று. புதைப்பவரிடம் காசு வாங்கி, எரிப்பவரை எரிக்கச் சொல்லும் ஏற்பாடு இது. பெயரில் வரி என்று இல்லை. ஆனால் நிலநிரப்பு வரி என்று உலகம் அழைக்கும் குடும்பத்தில்தான் இதுவும் பிறந்திருக்கிறது.

அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் டென்மார்க் 1987இல் வந்தது. பிரிட்டன் 1996 அக்டோபர் 1 அன்று வந்தது. நமக்குப் பாடம் அதிகம் கிடைப்பது பிரிட்டனில்தான். அங்கே முதலில் வைத்த வரி சாதாரணக் கழிவுக்கு டன்னுக்கு 7 பவுண்டு. மண்ணுக்குள் கிடந்தாலும் அழுகாத, வாயு விடாத ஜடக் கழிவுக்கு 2 பவுண்டு. வேலையாட்களுக்காக முதலாளிகள் கட்டும் காப்பீட்டுத் தொகையைக் கொஞ்சம் குறைத்து, அந்த இழப்பை இந்த வரியில் ஈடுகட்டினார்கள். உழைப்புக்கு வரியைக் குறைத்துக் கழிவுக்கு வரியைக் கூட்டுவோம் என்பது அன்றைய வாதம். ஏழு பவுண்டுக்கு யாரும் அசரவில்லை. 2000களின் இறுதியில் ஆண்டுக்கு 8 பவுண்டு வீதம் ஏற்றி, 2014இல் 80 பவுண்டுக்குக் கொண்டுபோனபோதுதான் நகராட்சிகள் ஓடத் தொடங்கின. வரி வந்த காலத்தில் இங்கிலாந்தின் நகராட்சிக் குப்பையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மண்ணுக்குள் போயிற்று. இப்போது அது பத்துக்கும் கீழே.

இந்த வெற்றிக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அக்கறை அதன் கீழ்த்தட்டில், அந்த 2 பவுண்டில் இருக்கிறது. கனரகத் தொழில்கள் வாழ்வது அங்கேதான். குறைந்த விகிதத்துக்குத் தகுதி பெற்ற பொருட்களின் பட்டியலைப் பாருங்கள்: பாறை, மண், கான்கிரீட், பீங்கான் ஓடு, கனிமங்கள், உலைக் கசடு, சாம்பல். உருக்காலையும் மின்நிலையமும் வார்ப்படச் சாலையும் வெளியே தள்ளும் பொருட்களே இவை. சுரங்கத்திலும் கல்குவாரியிலும் தோண்டி ஒதுக்கிய மண்ணுக்கோ வரியே கிடையாது. மேல் விகிதம் ஏறிக்கொண்டே போக, கீழ் விகிதம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. 2025-26இல் மேல் விகிதம் டன்னுக்கு 126.15 பவுண்டு, கீழ் விகிதம் 4.05 பவுண்டு. முப்பத்தொரு மடங்கு வித்தியாசம். இருபது டன் ஏற்றிய ஒரு லாரியில் இருப்பது 'குப்பை' என்று எழுதினால் 2,523 பவுண்டு, 'மண்' என்று எழுதினால் 81 பவுண்டு. ஒரு சொல்லை மாற்றி எழுதினால் நம் காசுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சம். எழுதாமல் இருப்பார்களா?

எழுதினார்கள். குப்பையைச் சல்லடையில் போட்டு அரித்தால் கீழே விழும் பொடி, பார்வைக்கு மண்தான். அதில் காகிதத் துணுக்கும் மரத்தூளும் துணி நாரும் கலந்திருக்கும். அதை மண்ணென்று காட்டிக் கொட்டினார்கள். இதைப் பிடிக்க ஓர் எளிய சோதனை 2015இல் வந்தது. பொடியைக் காயவைத்து எடைபோட்டு, சிறு உலையில் சுட்டு, மறுபடி எடைபோடுவது. கனிமம் எரியாது, உயிர்ப்பொருள் எரிந்துபோகும். எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தால் அது மண் இல்லை, முழு வரி கட்டு என்றார்கள். ஒரு தராசும் ஓர் உலையும் வரி அதிகாரியின் கையில் ஆயுதங்களாயின. அறிவியல் சட்டத்துக்கு உதவிய இடங்களில் இவ்வளவு மலிவான உதவி அபூர்வம்.

ஆனாலும் திருட்டு நிற்கவில்லை. 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு ஒரு திட்டத்தை முன்வைத்தது: 2030க்குள் இரண்டு விகிதங்களையும் ஒன்றாக்குவோம், எந்தக் குழியில் எதைப் போட்டாலும் ஒரே வரி. கட்டுமானத் துறையும் குவாரித் துறையும் அலறின. அஸ்திவாரம் தோண்டிய மண்ணுக்கு 126 பவுண்டு என்றால் வீட்டு விலை என்னாவது என்றார்கள். கசடுக்கு முழு வரி என்றால் ஏற்கெனவே தள்ளாடும் உருக்குத் தொழில் எப்படித் தாங்கும் என்ற கேள்வியும் எழுந்தது. அந்த ஆண்டு நவம்பர் பட்ஜெட்டில் அரசு பின்வாங்கியது. ஒரே விகிதம் வேண்டாம், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இனிப் பெருகாமல் பார்த்துக்கொள்வோம் என்று முடித்தது. சீர்திருத்தம் என்று தொடங்கியது சமரசமாக முடிந்தது. அந்தச் சமரசம் தவறென்று எனக்குத் தோன்றவில்லை. கசடும் சாம்பலும் அழுகும் குப்பையும் ஒன்றல்ல. ஆனால் 'ஜடக் கழிவு' என்ற சொல்லை நம்பி ஏமாறவும் கூடாது.

உலைக் கசடையே எடுத்துக்கொள்வோம். இரும்புத் தாதுவோடு சுண்ணாம்புக்கல்லைப் போட்டு உருக்கினால் இரும்பு கீழே இறங்கும், மண்ணும் மணலும் சுண்ணாம்போடு சேர்ந்து மேலே மிதக்கும். அந்த மிதவைதான் கசடு. அதைத் திறந்தவெளியில் ஆறவிட்டால் அணுக்கள் நிதானமாக அடுக்கிக்கொண்டு படிகமாகி, வெறும் கல்லாகிவிடும். அதிவேகத் தண்ணீர்ப் பீச்சலில் சட்டென்று குளிரவைத்தால் அடுக்கிக்கொள்ள நேரமின்றி கண்ணாடிப் பருக்கைகளாக நிற்கும். ஒரே சர்க்கரைப் பாகு, மெல்ல ஆறினால் கற்கண்டு, சட்டென்று ஆறினால் கண்ணாடி மிட்டாய் என்பது மாதிரி. கண்ணாடியான கசடை மாவாக அரைத்து, தண்ணீரும் கொஞ்சம் காரமும் கொடுத்தால் சிமெண்டாக இறுகுகிறது. இந்தியத் தர அளவின்படி கசடுச் சிமெண்டில் 70 விழுக்காடு வரை இதைச் சேர்க்கலாம். ஆக, ஒரு பீச்சாங்குழாய் இருந்தால் விற்பனைப் பொருள், இல்லாவிட்டால் மலைமலையாகக் கழிவு. குழி இலவசமாகக் கிடைக்கும் ஊரில் பீச்சாங்குழாய்க்கு யார் செலவு செய்வார்கள்?

அதற்கு அடுத்த கட்டத்தில், இரும்பை உருக்காக்கும்போது வரும் கசடு வேறு சாதி. அதற்குள் நீர் பட்டு நீறாத சுண்ணாம்பு ஒளிந்திருக்கும். சாலைக்கு அடியில் போட்டால் மழைநீரைக் குடித்து நீறி, பருத்து, சாலையை மேலே தூக்கிவிடும். முதலில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்து பக்குவப்பட வேண்டும். அப்படிப் பக்குவப்படுத்தி, மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில் சூரத் அருகே ஹசீராவில் 2022இல் ஏறத்தாழ ஒரு லட்சம் டன் உருக்குக் கசடில் ஆறுவழிச் சாலையே போட்டார்கள்.

கசடாவது பழகிய மிருகம். பழகாத மிருகம் எப்படியிருக்கும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம். திருவண்ணாமலையும் ராணிப்பேட்டையும் 1989 வரை ஒரே வட ஆற்காடு மாவட்டம். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவில் தொடங்கி இருபது ஆண்டுகள் ஓடியது. தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புகள் அதன் சரக்கு. செய்முறை பழையது: குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுப்பது, வறுத்ததைத் தண்ணீரில் கரைத்து மஞ்சள் சாற்றை எடுத்துக்கொள்வது, சக்கையை வெளியே கொட்டுவது. ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத சக்கை அந்த வளாகத்திலேயே குன்றாக நின்றது.

பார்வைக்கு அது வெறும் மண். பற்றி எரியாது, அழுகாது, நாறாது. எடைபோட்டுச் சுட்டுப் பார்க்கும் அந்தச் சோதனையிலும் 'கனிமம்' என்றே தேறியிருக்கும். ஆனால் அதற்குள் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். மூன்று இணைதிறன் குரோமியம் தண்ணீரில் எளிதில் கரையாது, ஓரளவு சாது. ஆறு இணைதிறனுள்ளது நன்றாகக் கரையும், உயிரணுவுக்குள் நுழையும், புற்றுநோய் உண்டாக்கும். சக்கையின் சுண்ணாம்பு அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. காரை, புளியந்தாங்கல் பக்கத்து நிலத்தடி நீரில் அந்த மஞ்சள் இறங்கியது. உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களுள் ஒன்றாக 2006இல் ஒரு சர்வதேச அமைப்பு ராணிப்பேட்டையைப் பட்டியலிட்டது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் இதே முறையில் இயங்கிய ஆலையொன்று 1960களில் மூடப்பட்டது. அங்கும் அன்று குழிக்கு வரி இல்லாததால் சக்கையை ஊர்ப்பள்ளங்களில் நிரப்பினார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அங்கே ஓர் ஓடை பச்சையும் மஞ்சளுமாக ஓடிய செய்தி வந்தது.

ராணிப்பேட்டைக் குன்றின்மேல் டன்னுக்கு ஆயிரம் ரூபாய் என்று அன்றே ஒரு வரி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பதினைந்து கோடி ரூபாய்க்குக் குறையாமல் கணக்கில் ஏறியிருக்கும். சுண்ணாம்பு சேர்க்காமலே வறுக்கும் முறை உலகில் வந்துகொண்டிருந்தது, அதில் சக்கை மிகக் குறைவு. வரி அதற்கு ஆலையைத் தள்ளியிருக்கலாம். அல்லது ஆலை கொஞ்சம் முன்னதாகவே மூடப்பட்டு, கணக்கும் குன்றும் மக்கள் தலையில் விழுந்திருக்கலாம். வரியைக் கட்ட ஆள் இருக்கும்வரைதான் வரிக்கு அர்த்தம். அதனால் நிலநிரப்பு வரியோடு, ஆலை தொடங்கும்போதே கட்டிவைக்கும் பிணைத்தொகை என்ற ஒன்றும் வேண்டும். நம் விவாதங்களில் அது அதிகம் பேசப்படுவதில்லை.

இந்தியாவில் நிலநிரப்பு வரிக்கு மிக அருகில் வந்த உண்மையான உதாரணம் சாம்பல். நம் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு, சில சுரங்கங்களில் அதற்கும் மேலே, எரியாத மண். எரித்து முடித்தால் புகைபோக்கி வடிகட்டிகளில் மாவு மாவாக அது சேரும். 1996-97இல் நாட்டில் உண்டான சாம்பலில் நூற்றுக்குப் பத்துகூடப் பயன்படவில்லை. மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய்வழி அனுப்பிச் சாம்பல் குளங்களில் நிரப்பினார்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்த கதை எண்ணூர் மீனவர்களுக்கு மனப்பாடம்.

1999 செப்டம்பரில் முதல் அறிவிக்கை வந்தது. மின்நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் சுடுபவர்கள் சாம்பல் கலக்க வேண்டும் என்றது. 2003இல் 100 கிலோமீட்டர். 2016இல் 300 கிலோமீட்டர். வட்டம் பெருத்துக்கொண்டே போனதிலிருந்தே, முந்திய வட்டம் போதவில்லை என்று புரிகிறதல்லவா. நெய்வேலியையும் மேட்டூரையும் எண்ணூரையும் மையமாக வைத்து 300 கிலோமீட்டர் வட்டங்கள் போட்டால் திருவண்ணாமலை மூன்றுக்குள்ளும் விழும். கிரிவலப் பாதையோரம் எழும் விடுதிகளின் சாம்பல் நிறக் கற்களுக்கு இந்த வட்டங்களும் ஒரு காரணம். 2021 டிசம்பர் 31 அறிவிக்கைதான் முதன்முதலாகக் குழிக்கு விலை போட்டது: பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு மின்நிலையம் டன்னுக்கு ஆயிரம் ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். அந்த ஆண்டுக் கணக்கிலேயே, 2021-22இல், சுமார் 27 கோடி டன் சாம்பலில் 95 விழுக்காட்டுக்கு மேல் 'பயன்பட்டதாக' மத்திய மின்சார ஆணையம் சொல்கிறது.

மேற்கோள் குறிக்குக் காரணம் உண்டு. பள்ளமான நிலத்தை மேடாக்க நிரப்பினாலும், கைவிட்ட சுரங்கத்துக்குள் கொட்டினாலும் அது பயன்பாட்டுக் கணக்கில் சேரும். சிமெண்டுக்குள் போன சாம்பலும் பள்ளத்துக்குள் போன சாம்பலும் ஒரே பட்டியலில் வெவ்வேறு வரிசைகள், அவ்வளவுதான். பிரிட்டனில் 'மண்' என்று எழுதி வரியைக் குறைத்தார்கள் என்றால், இங்கே 'நிரப்பு' என்று எழுதினால் இழப்பீடே இல்லை. குழிக்கு விலை வைத்த எல்லா ஊரிலும், எது குழி என்பதில்தான் கடைசிச் சண்டை வருகிறது.

சிமெண்டுக்குள் போகும் சாம்பலின் வேதியியல் மட்டும் அப்பழுக்கற்றது. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது சுண்ணாம்பு ஒரு துணைப்பொருளாகச் சும்மா மிஞ்சும். சாம்பலில் இருக்கும் கண்ணாடித்தன்மையுள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைத் தேடிப்பிடித்து, மேலும் பசையாக மாறித் துளைகளை அடைக்கும். முதல் வாரத்தில் வலு குறைவு, மாதங்கள் போகப்போக வலு கூடும். சிமெண்ட் மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருந்தால் அதில் 35 விழுக்காடு வரை சாம்பல் இருக்க அனுமதி உண்டு. கொத்தனார்களில் சிலர் இன்னும் அதைக் கலப்படம் என்றே நினைக்கிறார்கள்.

இங்கே இன்னொரு வரி குறுக்கே வருகிறது, பலர் அதைக் கழிவோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. கனிமமுள்ள நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாடு உடனே சட்டம் கொண்டுவந்தது. 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். சிமெண்டாக அரைபடும் சூளைக் கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர்; ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும் என்பதால், கிளிங்கருக்கு 240 ரூபாய் ஏறுகிறது. சாம்பல் சேராத சிமெண்டில் கிளிங்கர் 95 விழுக்காடு என்றால் டன்னுக்கு 228 ரூபாய் வரி. சாம்பல் சேர்த்து அதை 65 ஆக்கினால் 156 ரூபாய். வித்தியாசம் 72 ரூபாய், மூட்டைக்கு மூன்றரை ரூபாய் சொச்சம். அதே சிமெண்டுக்குள் போன 300 கிலோ சாம்பல், மின்நிலையத்துக்கு 300 ரூபாய் இழப்பீட்டை மிச்சப்படுத்துகிறது. ஒரு பக்கம் புதுக்கல்லுக்கு விலை, மறுபக்கம் குழிக்கு விலை. நடுவில் நின்று இரண்டையும் விழுங்கக்கூடியது லாரி வாடகை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் நிலநிரப்பு வரியை மட்டும் தனியாக ஏற்றி இறக்குவதால் கனரகத் தொழில் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. பிரிட்டனும் 2002இல் ஜல்லிக்கும் மணலுக்கும் தனியாக ஒரு வரி போட்ட பிறகுதான் இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டுக்கு நல்ல கிராக்கி வந்தது.

இனி அடி அண்ணாமலைத் தட்டுகளுக்கு வருவோம். தமிழ்நாட்டின் பழைய கிடங்குகளைத் தோண்டிச் சலிக்கும் பயோமைனிங்கில் கிடைக்கும் பிளாஸ்டிக், துணி, காகிதம் எல்லாம் கட்டுகளாக்கப்பட்டு அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகின்றன. சென்னையின் பெருங்குடிக் கிடங்கிலிருந்து போயிருக்கிறது. ஆர்.டி.எஃப். என்று அதற்குப் பெயர். சிமெண்ட் சூளை அதை எரிக்க மிகத் தகுந்த இடம் என்பது உண்மைதான். சுவாலையின் வெப்பம் 2,000 டிகிரியைத் தொடும், உள்ளே கிளிங்கர் 1,450 டிகிரியில் உருவாகும், சாம்பல்கூட வெளியே வராமல் கிளிங்கருக்குள்ளேயே கரைந்துவிடும். தனியாக எரிக்கும் ஆலைகளில் மிஞ்சும் சாம்பல் பிரச்சினை இங்கே இல்லை.

சிக்கல் இரண்டு. ஒன்று உப்பு. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அது போக, சாம்பாரும் புளியோதரையும் ஒட்டிய தட்டில் சமையல் உப்பு இருக்கிறது. அதுவும் குளோரைடுதான். சூளையின் உச்ச வெப்பத்தில் இந்தக் குளோரைடுகள் ஆவியாகிப் பின்னோக்கிப் போய், சுண்ணாம்பு மாவு சூடேறும் கோபுரத்தின் சற்றுக் குளிர்ந்த சுவர்களில் பிசினாகப் படியும். மாவு அதில் ஒட்டி, குழாய் அடைத்து, சூளையை நிறுத்த வேண்டிவரும். ஒரு நாள் சூளை நின்றால் ஆலைக்கு ஏற்படும் நட்டத்தில், குப்பையால் மிச்சமான எரிபொருள் காசெல்லாம் அடித்துப்போகும். ஈரமும் அப்படித்தான், தண்ணீரைக் கொதிக்கவைக்கவே சூட்டில் ஒரு பகுதி போய்விடும். ஆகவே ஆலைக்காரர் 15 விழுக்காடு எரிக்கத் தயாரா என்ற கேள்விக்கான விடை ஆலையில் இல்லை. எச்சில் தட்டும் தண்ணீர் பாட்டிலும் கிரிவலப் பாதையிலேயே இரண்டு தொட்டிகளில் விழுகின்றனவா என்பதில் இருக்கிறது. பிரிக்காத குப்பைக்குக் கூடுதல் கட்டணம் என்ற விதியின் பொறியியல் நியாயம் இதுவே.

இரண்டாவது சிக்கல் தூரம். திருவண்ணாமலையிலிருந்து அரியலூர் நேர்க்கோட்டிலேயே சுமார் 120 கிலோமீட்டர். 2016இன் பழைய விதி 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகளை மட்டுமே கட்டுப்படுத்தியது, அதனால் இந்த ஊர் அதற்கு வெளியே நின்றது. ஆலைகள் எரிக்கும் பெட்ரோலியக் கரியின் வெப்பம் கிலோவுக்கு 8,000 கிலோகலோரி அளவு. சுமாரான ஆர்.டி.எஃப். 3,000 தரும். ஒரு டன் கரியின் வேலையை வாங்க இரண்டரை டன்னுக்கு மேல் குப்பையை ஏற்ற வேண்டும், அதுவும் பஞ்சாகப் பருத்த சரக்கு. லாரி எடையில் நிரம்புமுன் இடத்தில் நிரம்பிவிடும். அந்த வாடகையை யார் கொடுப்பது? ஆலை கொடுத்தால் கரியே மலிவு என்பார்கள். மாநகராட்சி கொடுத்தால் வீட்டு வரியில் வந்து நிற்கும். என்னைக் கேட்டால், கிடங்கில் கொட்டியிருந்தால் ஆகியிருக்கும் கட்டணத்தை அப்படியே வாடகைக்குத் திருப்பிவிட வேண்டும். ஆனால் அதற்கு, கட்டணம் வாங்கக்கூடிய முறையான நிலநிரப்பு ஒன்று முதலில் இருந்தாக வேண்டும். அடியில் களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும், கசிநீரை வாங்கும் குழாய்களும், வாசலில் எடைமேடையும் உள்ள இடம் அது. நம் ஊர்களில் பெரும்பாலும் இருப்பது ஏரிக்கரையோரம் ஒரு மேடு. எடைமேடை இல்லாத கிடங்கில் டன்னுக்கு இவ்வளவு என்று எப்படி வாங்குவார்கள்? திருவண்ணாமலை மாதிரிப் பாறை நிலத்தில் விரிப்பு இன்னும் முக்கியம். இங்கே நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில் ஓடுகிறது. மணல் நிலத்தில் கசிநீர் போகும் திசையை ஓரளவு கணிக்கலாம். வெடிப்புக்குள் இறங்கியது எந்த ஊர்க் கிணற்றில் எழும் என்று சொல்வது கடினம்.

கனரகத் தொழில் இந்த ஊரைத் தொடவே பார்த்த ஒரு தருணமும் உண்டு. 2000களின் பிற்பகுதியில், திருவண்ணாமலைக்கு அருகே கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத் தாது வெட்ட, அரசு நிறுவனமான டிட்கோவும் ஜிண்டால் நிறுவனமும் சேர்ந்த டிம்கோ முனைந்தது. முந்நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டு நிலம் கேட்டார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்கள் எதிர்த்து நின்றன, சுரங்கம் வரவில்லை. அந்தத் தாது காந்த இரும்பும் படிகக்கல்லும் பட்டை பட்டையாகக் கலந்தது. இரும்பு 36 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு டன்னை மாவாக அரைத்துக் காந்தத்தில் பிரித்தால், 65 விழுக்காடு இரும்புள்ள சரக்கு ஏறக்குறைய ஐம்பது டன் கிடைக்கும். மற்ற ஐம்பது டன், முகப்பவுடர் அளவுக்கு நுணுகிய சிலிக்கா சேறு, கரை கட்டித் தேக்கி வைக்க வேண்டியது. மேல்மண்ணும் தாதில்லாப் பாறையும் இதற்கு வெளியே தனி.

பிரிட்டனின் நிலநிரப்பு வரியில் இந்தச் சேற்றுக்கு விலக்கு. இந்தியாவின் ராயல்டி, லாரியில் ஏறிப்போகும் தாதுவின் மதிப்பில் 15 விழுக்காடு, சேற்றின்மேல் எதுவும் இல்லை. புதிய கனிம நில வரியும் விற்பனைக்குப் போகும் சரக்கைத்தான் எண்ணுகிறது. மீதமுள்ள ஐம்பது டன்னுக்கும் டன்னுக்கு ஆயிரம் ரூபாய், சாம்பலுக்கு வைத்த அதே விலையை வைத்தால், ஐம்பது டன் சரக்கின்மேல் ஐம்பதாயிரம் ரூபாய் ஏறும். அந்த விலையில் கவுத்தி மலையை வெட்டுவது யாருக்கும் கட்டுபடியாகியிருக்குமா என்பது சந்தேகம்.